கோட்டைக்கு டிடெக்டர் எடுத்துப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. ஊர் சங்ககிரிக்குப் பக்கம். ஆன்லைனில் 14,000 ரூபாய்க்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். கோட்டை மலை அடிவாரத்தில் எங்கள் தாத்தாவின் மேட்டாங்காடு இருக்கிறது. கடலை பிடுங்கிய பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே சுற்றினேன். மூன்று செப்புக் காசுகளும், கோலிக்குண்டு அளவில் ஒரு ஈயக் குண்டும் கிடைத்தன. ஒரு காசில் யானை, ஒன்றில் சிங்கம் மாதிரி ஏதோ, கூடவே 1808. மூன்றாவது பச்சை பிடித்து ஒன்றுமே தெரியவில்லை. குண்டை நகைக்கடையில் நிறுத்தேன், 31 கிராம். ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. இது தீரன் சின்னமலை காலத்துக் குண்டாக இருக்குமா? அடுத்து மலைமேல் கோட்டைக்குள்ளும் தேடலாம் என்றிருக்கிறேன். விற்கிற எண்ணம் இல்லை. இங்கிலாந்தில் இதையெல்லாம் சர்வசாதாரணமாகச் செய்கிறார்களே, நான் செய்தால் தப்பா? காசுகளைப் புளி போட்டுத் துலக்கலாமா? இன்னும் ஆழமாகக் காட்டும் கருவி 45,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தப் புளியை எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமராவதி ஆற்றங்கரையிலிருந்து ஒருவர் சதுரமான ஒரு சின்னச் செப்புக் காசு கொண்டுவந்தார். பூஜைச் சொம்பு போலப் பளபளவென்று மின்னியது. வீட்டம்மா புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் துலக்கிக் கொடுத்தாராம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் வில்லின் நிழல் போல ஏதோ தெரிந்தது. சேரர் காசாக இருக்கலாம். வில்லுக்கு மேலே எழுத்து இருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியாது. மண்ணுக்குள் கிடக்கும் செம்பின் மேல்தோல் மெல்ல மெல்லப் பச்சைப் படிவமாக மாறிவிடுகிறது. பெரும்பாலும் எழுத்தும் உருவமும் அந்தப் படிவத்தில்தான் நிற்கும், உள்ளே இருக்கும் செம்பில் அல்ல. புளியில் உள்ள அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடும். நாம் அழுக்கு போனது என்று சந்தோஷப்படுவோம், போனது காசு.

எனவே எலுமிச்சை, வினிகர், பல்பொடி, பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணை நிழலில் உலரவிட்டு, பழைய மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தட்டினால் போதும். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். உறைகளை ஒரு டப்பாவில் வைத்து, மாத்திரை பாட்டிலில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதில் நாலைந்தையும் உள்ளே போட்டு மூடுங்கள். மூன்றாவது காசில் இருப்பது கெட்டியான பச்சையா, நகம் பட்டால் மாவாக உதிரும் வெளிர்ப்பச்சையா என்று பாருங்கள். உதிர்கிற பச்சை என்றால் அது வியாதி. மண்ணில் உள்ள உப்பு உள்ளே புகுந்து, ஈரம் படும்போதெல்லாம் காசைத் தின்னும். அதை நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். ஈயக் குண்டின் வெள்ளைப் பூச்சையும் சுரண்டாதீர்கள். ஈயம் நஞ்சு. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

காசுகள் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யானைக் காசு பெரும்பாலும் திப்பு சுல்தான் அடித்த மைசூர்ச் செப்புக் காசு. யானையின் பின்பக்கம் பாரசீக எழுத்து இருக்கும், அதில் காசு அடித்த அக்கசாலை எந்த ஊர் என்று வரும். உங்கள் பகுதி மைசூரின் கையில் இருந்து, 1792 சீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் கம்பெனிக்குப் போன பகுதி. ஆக யானைக் காசு அங்கே கிடப்பதில் ஆச்சரியமில்லை. 1808 காசு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில், பர்மிங்காமில் அடித்து அனுப்பியது. நீங்கள் பார்த்த சிங்கம் கம்பெனியின் சின்னத்தைச் சேர்ந்தது. காசு பெரிதாக இருந்தால் இருபது காசு, சிறிதாக இருந்தால் பத்துக் காசு. இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980களில் அங்கிருந்து அள்ளிய காசுகள்தான் இன்று உலகமெங்கும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அதனால் விலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. உங்கள் காசுக்கு உள்ள பெருமை வேறு. அது கப்பலேறி ஒழுங்காக வந்து சேர்ந்து, யாரோ ஒருவர் மடியிலிருந்து உங்கள் தாத்தா காட்டில் விழுந்த காசு.

குண்டு விஷயத்துக்கு வருகிறேன். 31 கிராம் ஈயத்தை உருண்டையாக்கினால் விட்டம் 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கித் திரிந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் சுமார் 19 மில்லிமீட்டர், அதற்குப் போடும் குண்டு ஏறக்குறைய உங்களுடையதன் அளவுதான். பிரெஞ்சு மாதிரித் துப்பாக்கிக்கான குண்டு இதைவிடச் சின்னது. ஒரு பக்கம் நசுங்கியிருப்பதால் அது சுடப்பட்டு எதிலோ மோதியிருக்க வேண்டும். சுடாமல் பையிலிருந்து தவறி விழுந்த குண்டு உருண்டை மாறாமல் இருக்கும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு உடம்பு சிலிர்க்கும் என்று தெரியும். பொறுங்கள். சின்னமலையை அந்தக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. அதற்கு முன்னும் பின்னும் பல காலம் அங்கே கம்பெனிப் படை இருந்திருக்கிறது. சிப்பாய்கள் பயிற்சிக்குச் சுட்டிருப்பார்கள், பன்றி வேட்டைக்கும் சுட்டிருப்பார்கள். பழைய துப்பாக்கிகள் பிறகு நாட்டு வேட்டைக்காரர்கள் கைக்கும் போயின. ஒற்றைக் குண்டு ஒரு காலத்தையும் சொல்லாது, ஒரு போரையும் சொல்லாது. அதே காட்டில் இன்னும் இருபது குண்டு எங்கெங்கே கிடக்கிறது, எது நசுங்கியது, எது நசுங்காதது, எது எந்த அளவு என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால்தான் யார் எங்கே நின்று எந்தப் பக்கம் சுட்டார்கள் என்று ஒரு கதை எழும்பும். அமெரிக்காவில் 1876இல் தளபதி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் இதைச் செய்து காட்டினார்கள். 1983இல் காட்டுத்தீயில் புல்லெல்லாம் எரிந்துபோக, அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் டிடெக்டர் ஆர்வலர்களையே வரிசையாக நிறுத்தி நடக்கவிட்டார்கள். சத்தம் வந்த இடத்தில் கொடி நட்டார்கள். அளந்து குறித்த பிறகுதான் எடுத்தார்கள். தோட்டா உறைகள் கிடந்த வரிசையைப் பார்த்தே வீரர்கள் எப்படி நகர்ந்தார்கள் என்று கண்டுபிடித்தார்கள்.

உங்களிடம் இப்போது குண்டு இருக்கிறது, புள்ளி இருக்கிறதா? காட்டில் எந்த மூலையில் எடுத்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கோட்டைக்குள் போகலாமா? கருவியோடு போகாதீர்கள். சங்ககிரிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி மண்ணைக் கொத்தினாலும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் மேல் பாயும். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘விற்க எண்ணமில்லை’ என்பது உங்கள் நல்ல மனசு, ஆனால் வழக்குக்கு உதவாது.

சட்டத்தை விடுங்கள். எனக்கு வயிறு எரிகிற காரணம் வேறு. உங்கள் கருவியில் இரும்பை ஒதுக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். ஆணியும் லாடமும் ஓயாமல் கத்துவதால் எல்லோரும் அதை அழுத்திவிட்டுத்தான் சுற்றுவார்கள். ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் சமீபத்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த உலோகம் எது? 2025 ஜனவரியில் அறிவித்தார்களே, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இரும்பு. அதன் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனதும் இரும்புத் துண்டு அல்ல, இரும்போடு கிடந்த கரி. கரிக்கு எந்த டிடெக்டரும் கத்தாது. நெல்லுக்குக் கத்தாது, பானை ஓட்டுக்குக் கத்தாது, எலும்புக்குக் கத்தாது. நீங்கள் காசுக்காகத் தோண்டுகிற அரை அடிக் குழியில் கரியும் ஓடும் கலைந்து, அடுத்த முப்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கு அங்கே படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒன்றாகக் கிடந்தது ஒன்றாகவே வெளியே வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் மேல் குறுக்கே ஒரு வெட்டு. மொத்தமாகப் பார்த்ததால்தான் இது தற்செயலாகப் பட்ட காயம் இல்லை, யாரோ வேண்டுமென்றே செல்லாக் காசாக்கியிருக்கிறார்கள் என்று பேச முடிந்தது. அந்த 501ஐயும் ஐம்பது பேர் பங்கு போட்டிருந்தால், தட்டார் கடையில் ‘கீறல் விழுந்த காசு’ என்று எடை குறைத்து உருக்கியிருப்பார்கள். அப்படி உருகிப்போன பானைகளின் கதை நான் பணியில் இருந்த நாளில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். பங்கு பிரிப்பதில் சண்டை வரும், ஒருவர் கோபித்துக்கொண்டு போலீசுக்குப் போவார், போலீஸ் வரும்போது பானை ஓடு மட்டும் இருக்கும்.

இங்கிலாந்து பற்றிக் கேட்டீர்கள். வீடியோவில் காட்டுவது பாதிதான். அங்கேயும் நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் தேடக்கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கருவியை எடுத்துக்கொண்டு நடப்பதற்கே தனி அனுமதி வேண்டும். புதையல் என்றால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு. 2015இல் ஹெரிஃபோர்ட்ஷைரில் வைக்கிங் காலத்துப் புதையலை எடுத்த இரண்டு பேர் அதைத் துண்டு துண்டாக விற்றார்கள். சுமார் 300 காசு இருந்திருக்கும் என்கிறார்கள், வழக்கு முடிந்தபோது திரும்பக் கிடைத்தது 31. 2019இல் இருவரும் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள்.

ஆனால் அதே நாட்டில் 1992இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடித் தரச் சொல்லி ஒரு விவசாயி தன் நண்பரைக் கூப்பிட்டார். சுத்தியலுக்குப் பதில் தங்கமும் வெள்ளியும் வந்தன. அந்த நண்பர் செய்த பெரிய காரியம், தோண்டுவதை நிறுத்தியது. சொல்லி அனுப்பினார், மறுநாளே ஆய்வாளர்கள் வந்தார்கள். சுமார் 15,000 ரோமானியக் காசுகள், நகைகள், கரண்டிகள். அவை எப்படி ஒரு பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தன என்பது வரை தெரியவந்தது, பெட்டி மக்கியே போயிருந்தும். அவருக்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கே சாதாரணப் பொருள்களைக்கூடக் கொண்டுபோய்ப் பதிவு செய்ய 1997இலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இடக்குறிப்போடு பதிவாகியிருக்கின்றன. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. இருக்க வேண்டும் என்று பணியில் இருந்தபோதே சொல்லிச் சலித்தவன் நான். மக்கள் ஒரு காசைக் கொண்டுவந்தால் ‘எங்கே திருடினாய்’ என்கிற மாதிரிப் பார்க்கிற அதிகாரிகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் அடுத்த காசு எப்படி வரும்?

சரி, உங்கள் காட்டுக்கு வருவோம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான். அந்தக் காலத்தில் எழுதியதை யாரும் மாற்றவில்லை. கைதவறி விழுந்த ஒற்றைக் காசு புதையலாகுமா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். அந்த வாதத்தை நீங்கள் குற்றவாளிக் கூண்டிலிருந்து கேட்க வேண்டாம், தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு, பங்கும் போய்விடும். தெரிவித்து, உரிமை கோர யாரும் இல்லை என்று முடிவானால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலச் சொந்தக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் அந்தக் கால் பங்குக்குப் பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் வருவார்கள். மூன்று செப்புக் காசுக்கு அவ்வளவு தூரம் போகாது என்று நம்புகிறேன்.

ஒரு வெள்ளைத்தாள் போதும். என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு. சர்வே எண், இடத்தின் ஒரு கைவரைபடம், காசுகளை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். கலெக்டருக்கு எழுதி, கிராம நிர்வாக அலுவலர் மூலமாகத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே ஒரு நகல். ஒரு வாரம் பதில் வராது, ஒரு மாதமும் வராமல் போகலாம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்களுக்குக் காப்பு. இதற்கிடையில் முகநூலில் படம் போட்டு, வெளிநாட்டிலிருந்து யாராவது ‘கூரியரில் அனுப்பு’ என்றால் மயங்காதீர்கள். நூறு ஆண்டைத் தாண்டிய எதுவும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. உங்கள் 1808 காசும் அதில் அடக்கம்.

45,000 ரூபாய்க் கருவி வேண்டாம். இந்த வகைக் கருவியின் வட்டத்திலிருந்து காந்தப்புலம் மண்ணுக்குள் போகிறது, உலோகத்தில் ஒரு சிறு மின்னோட்டத்தைக் கிளப்புகிறது, அதன் எதிரொலியை வட்டம் மறுபடி பிடிக்கிறது. காசு அளவுப் பொருளென்றால் நல்ல கருவிக்கும் முக்கால் அடி, மிஞ்சினால் ஒரு அடி. விலை மூன்று மடங்கானால் ஆழம் நாலு விரற்கடை கூடலாம், அவ்வளவுதான். இருபது மீட்டர் ஆழத்துத் தங்கத்தை ஆன்டெனா திரும்பிக் காட்டும் என்று விற்கிறார்களே, அது இரிடியம் கலசத்துக்குத் தம்பி. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக்குக்கே விற்ற ஒருவர் 2013இல் பத்து ஆண்டு சிறைக்குப் போனார். அரசாங்கமே ஏமாந்திருக்கிறது, நாம் எம்மாத்திரம்?

இனிமேலும் காட்டில் சுற்ற ஆசை இருக்கும், அது தெரிகிறது. காகிதங்கள் நகரும்வரை தோண்டாமல் சுற்றுங்கள். சத்தம் வருகிற இடத்தில் குச்சி நட்டு அளந்து எழுதுங்கள். கலப்பை வருஷா வருஷம் புரட்டுகிற மண்ணுக்குக் கீழே, கலையாத மண்ணிலிருந்து சத்தம் வந்தால் அது உங்களுக்கான வேலை இல்லை. கழுத்தோ விளிம்போ தெரிகிற பானை என்றால் கையை எடுத்துவிட்டு, மண்ணை மூடிவிட்டு, சொல்லி அனுப்புங்கள். உழுத அன்றைக்கு மழை பெய்து விட்டதென்றால் கருவியே வேண்டாம், குனிந்து நடந்தாலே போதும். கருப்பு சிவப்புப் பானை ஓடு, சங்கு வளையல் துண்டு, இரும்புக் கசடு எல்லாம் கண்ணில் படும்.

ஜெர்மனியில் பணியில் இருந்த ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1987இல் இப்படித்தான் ஆரம்பித்தார். ஆஸ்னாப்ரூக் பகுதியில், கருவியை எடுக்கும் முன்பே உள்ளூர்த் தொல்லியலாளரைப் போய்ப் பார்த்து எங்கே தேடலாம் என்று கேட்டார். கால்க்ரீஸ என்ற இடத்தில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. காசு வியாபாரியிடமும் இருக்கும், வழிப்போக்கனிடமும் இருக்கும். பிறகு மூன்று ஈயக் கவண்குண்டுகள் கிடைத்தன, அதுதான் அங்கே படை இருந்ததைச் சொன்னது. கி.பி. 9இல் வாருஸ் என்பவனின் மூன்று ரோமானியப் படைப்பிரிவுகள் அழிந்த களம் அதுதான் என்று இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். அந்த அதிகாரி ஒவ்வொன்றையும் எங்கே எடுத்தார் என்று குறித்து வைத்திருந்தார்.

ஆகவே நாளைக்கே காட்டுக்குப் போங்கள், கருவி இல்லாமல். குண்டு எடுத்த இடம் நினைவிருக்கும், மூன்று ஞாயிறுதானே ஆகிறது. கிணற்று மேட்டு மூலையிலிருந்து ஒரு டேப், நில அளவைக் கல்லிலிருந்து ஒரு டேப். இரண்டு தூரத்தையும், எத்தனை விரற்கடை ஆழத்தில் இருந்தது என்பதையும், நசுங்கிய பக்கம் எந்தத் திசையைப் பார்த்துக் கிடந்தது என்பது நினைவிருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். ஆடி உழவுக்கு டிராக்டர் வருவதற்குள் அந்த இடத்தில் ஒரு கல்லையும் நட்டு வையுங்கள்.